கடையைப் பகிஷ்கரிப்பது: கருத்துக்கா? காரியத்துக்கா?

நமது தோழர்களுக்குள் சமீப காலமாய் ஒரு புதிய உற்சாகம் கிளம்பியிருப்பதைப் பார்க்கின்றோம். அதாவது, எந்தக் கடைக்காரர் எந்தக் கட்சிக்காரர், எந்த ஓட்டல்காரர் வீட்டுக் கலியாணத்திற்கு எந்தத் தலைவர் வந்தார், எந்த ஜவுளிக்கடை முதலாளி யாருடைய கூட்டத்திற்குப் பந்தல் போட்டுக் கொடுத்தார் என்பவைகளையெல்லாம் துருவித் துருவி விசாரித்து, நமக்கு விரோதமான அபிப்பிராயமுடையவர் கடையில் உப்புக்கூட வாங்கக் கூடாது என்று தீர்மானம் செய்வதும், அத்தீர்மானத்தைப் பத்துப் பேருக்குத் தெரியப்படுத்திவிட்டு ஏதோ ஒரு பெரிய யுத்தத்தை ஜெயித்துவிட்டதாய் நினைத்துக் கொண்டு படுத்துத் தூங்குவதுமாகும்.

இதற்கு நேர் விரோதமாய் வியாபாரிகள் தரப்பில் ஒரு பல்லவி பாடப்படுகின்றது. "வியாபாரத்தில் அரசியல் ஏது? காசு கொடுத்தால் சாமான். சாமான் நன்றாயிருக்கிறதா என்று மாத்திரம் பாருங்கள். எங்கள் கொள்கையைப் பற்றி உங்களுக்கென்ன?" என்பதே அது.

இவ்விரண்டையும் நாம் ஒப்புக் கொள்வதற்கில்லை. முதலாவது நம்மவர்களின் அவசர புத்தி. இரண்டாவது அவர்களின் தந்திர புத்தி. இவ்விரண்டையும் பற்றி நமக்குத் தோன்றுவதைத் தாட்சண்யமில்லாமல் எழுதுவதே இவ்வியாசத்தின் நோக்கம். நம்மவர்களில் சிலருக்கு மனவருத்தம் ஏற்படலாம். ஏற்பட்டால் அதற்காக நாம் வருந்தப் போவதில்லை.

ஒரு ஊரில் நடந்தது

சென்ற வருஷம் ஒரு சிறு பட்டணத்தில் நடந்த சங்கதி ஒன்றைச் சொல்லுகின்றோம். ஊர் பேரும் ஆள் பேரும் இங்கு அவசியமில்லை. அவ்வூர்த் தோழர்கள் நம்மை ஒரு கூட்டத்திற்கு அழைத்திருந்தார்கள். கூட்டத்தில் நிறைவேற்ற இருந்த தீர்மானங்களை நம் கையில் கொடுத்தார்கள். அவற்றில் மூன்றாவது தீர்மானம், கடைத்தெருவிலுள்ள மளிகைக்காரர் ஒருவரைப் பகிஷ்கரிக்க வேண்டும் என்பது. காரணம் கேட்டோம். அவர் நெற்றி நிறையத் திருநீறு பூசுகிறவர் என்றும், நமக்கு எதிரான கட்சித் தலைவர் ஒருவர் படத்தைக் கல்லாப் பெட்டிக்கு மேல் மாட்டியிருக்கிறார் என்றும், கும்பாபிஷேகத்திற்கு எண்ணெய் டின்கள் கொடுத்தார் என்றும், நமது கூட்ட நோட்டீசைத் தமது சுவரில் ஒட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார் என்றும் சொன்னார்கள்.

"சரி, அவர் கடைக்கு ஆதிதிராவிடத் தோழர்கள் வந்தால் எங்கே நிற்கிறார்கள்?" என்று கேட்டோம்.

"எல்லோரும் நிற்கிற இடத்தில்தான்" என்றார்கள்.

"காசைக் கையில் வாங்குகிறாரா, பலகையில் வைக்கச் சொல்லுகிறாரா?"

"கையில்தான் வாங்குவார்."

"எடை எப்படி?"

"எடையில் குற்றம் சொல்ல முடியாது."

"கூலி வேலை கிடைக்காத மழைக்காலத்தில்?"

"நோட்டில் எழுதிக் கொண்டு அரிசி கொடுப்பார்."

பிறகு, கூட்டத்திற்கு நேரமிருக்கிறதென்று பக்கத்துக் கிராமத்து முனையிலிருந்த ஒரு டீக்கடைக்கு நம்மை அழைத்துப் போனார்கள். கடைக்காரர் நம்மவர். கடையில் பெரியார் படம் மாட்டியிருந்தது. பெஞ்சைத் துடைத்துப் போட்டார். கண்ணாடி கிளாசில் டீ கொடுத்தார். கடைக்குப் பின்புறம் வேப்ப மரத்தடியில் நாலு பேர் நின்றபடி டீ சாப்பிட்டுக் கொண்டிருந்தார்கள். அவர்கள் கையிலிருந்தவை காகிதக் கப்புகள். "அவர்கள் ஏன் அங்கே நிற்கிறார்கள்? அவர்களுக்கு மாத்திரம் ஏன் காகிதக் கப்?" என்று கேட்டோம். "அவர்கள் காலனிக்காரர்கள். அவர்களுக்கு அதுதான் பழக்கம். முன்னே சிரட்டையாயிருந்தது. பிறகு தனி கிளாஸ். இப்போது அதெல்லாம் இல்லை. காகிதக் கப் சுத்தம்தானே?" என்று சிரித்துக் கொண்டே சொன்னார்.

அதாவது தோழர்களே, சிரட்டை போய் கிளாஸ் வந்தது, கிளாஸ் போய் காகிதம் வந்தது. ஆனால் வேப்ப மரத்தடி மாத்திரம் அப்படியே இருந்தது.

நாம் டீயைக் குடிக்காமல் எழுந்தோம். கூட்டத்தில் மூன்றாவது தீர்மானத்தை அடித்துவிட்டு, அதற்குப் பதிலாக இந்த டீக்கடையின் பேரைப் போட்டுத் தீர்மானம் கொண்டு வாருங்கள், நாமே ஆமோதிக்கிறோம் என்று சொன்னோம். அன்று இரண்டு தீர்மானமும் நிறைவேறவில்லை. "என்ன இருந்தாலும் அவர் நம்மவராயிற்றே" என்று ஒருவர் முணுமுணுத்தது நம் காதில் விழுந்தது. இந்த ஒரு வார்த்தைதான் இவ்வளவு நீளமாய் எழுதும்படி நம்மைச் செய்தது.

பேர் வந்த கதை

"பாய்காட்" என்கின்ற வார்த்தை ஒரு மனிதனுடைய பேர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. 1880-ல் அயர்லாந்து தேசத்தில் மேயோ ஜில்லாவில் கேப்டன் பாய்காட் என்னும் இங்கிலீஷ்காரர், ஒரு பெரிய ஜமீன்தாரனுக்கு ஏஜெண்டாக இருந்து குத்தகை வசூலித்து வந்தார். விளைச்சல் கெட்ட காலத்தில் குடியானவர்கள் குத்தகையைக் குறைக்கும்படி கேட்க, அவர்கள் கேட்ட அளவுக்கு அவர் குறைக்காததோடு குடிகளை நிலத்தை விட்டு வெளியேற்ற நோட்டீசும் கொடுத்தார். குடியானவர்கள் அவரை அடிக்கவில்லை. அவருக்கு வேலை செய்வதில்லை, சாமான் விற்பதில்லை, அவரோடு பேசுவதுமில்லை என்று நின்று விட்டார்கள். அவருடைய பயிரை அறுக்க வெளியூரிலிருந்து சுமார் 50 ஆட்களும், அவர்களைக் காக்கப் பட்டாளமும் போலீசும் வர வேண்டியதாயிற்று. சுமார் 500 பவுன் பெறுமான பயிரை அறுத்தெடுக்க சர்க்காருக்கும் மற்றவர்களுக்குமாகச் சுமார் 10,000 பவுன் செலவாயிற்று. அவ்வருஷம் டிசம்பரில் அவர் அயர்லாந்தை விட்டே போய்விட்டார்.

இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், அக்குடியானவர்கள் பாய்காட்டின் அபிப்பிராயத்துக்காக அவரை விலக்கவில்லை. அவர் என்ன மதத்தை நம்பினார், எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போட்டார் என்று விசாரித்துக் கொண்டிருக்கவில்லை. குடியிருந்தவனை வெளியே தள்ளப் பார்த்தார். அந்தக் காரியத்துக்காக விலக்கினார்கள். அன்னியில், ஏழைகள் சேர்ந்து வலுத்தவனை விலக்கினார்களே ஒழிய, வலுத்தவர்கள் சேர்ந்து ஏழையை விலக்கவில்லை.

நம் நாட்டுப் பழைய பகிஷ்காரம்

ஆனால் நம் நாட்டிலோ பேர் வருவதற்கு வெகு காலத்திற்கு முன்பே காரியம் இருந்தது. ஊர்க்கட்டுப்பாடு என்றும், ஜாதியை விட்டு விலக்குவது என்றும், வண்ணான், அம்பட்டன், தண்ணீர், நெருப்பு எல்லாவற்றையும் நிறுத்துவது என்றும் சொல்லுவதெல்லாம் என்ன? பகிஷ்காரம்தானே? உலகத்தில் இதை மதமாகவும் தர்மமாகவும் ஆக்கி, ஜனத்தொகையில் ஒரு பகுதியைப் பிறவியிலேயே பகிஷ்கரித்து வைத்த தேசம் நம் தேசத்தைப் போல் வேறு இருக்குமா?

1927-ல் மகாத் என்னும் ஊரில் டாக்டர் அம்பேத்கார் தலைமையில் தாழ்த்தப்பட்ட மக்கள் ஒரு பொதுக் குளத்தில் தண்ணீர் எடுத்துக் குடித்தார்கள். அதற்காக அவர்கள் அடிக்கப்பட்டதோடு, கிராமங்களில் வேலையில்லாமலும், குத்தகை நிலமில்லாமலும் விலக்கப்பட்டார்கள். 1928-ல் பம்பாய் மாகாண சர்க்கார் நியமித்த கமிட்டி, இம்மக்கள் தங்கள் உரிமையைக் கேட்டவுடன் பாதையை அடைப்பதும், கிராமத்துக் கடைக்காரன் சாமான் விற்க மறுப்பதும் மேல்ஜாதியார் கையிலிருக்கும் ஆயுதம் என்று தன் அறிக்கையில் எழுதிற்று. நம் இராமநாதபுரம் ஜில்லாவில் 1930 டிசம்பரில், ஆதிதிராவிடர் தங்கம் வெள்ளி நகை போடக் கூடாது, சட்டை போடக் கூடாது, குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது, மண்பாத்திரம் தவிர வேறு புழங்கக் கூடாது என்பன போன்ற எட்டுக் கட்டளைகள் விதிக்கப்பட்டன. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன.

ஆகவே, பகிஷ்காரம் என்னும் ஆயுதத்திற்குத் தானாக ஒரு யோக்கியதையும் இல்லை. அரிவாள் நெல்லையும் அறுக்கும், கழுத்தையும் அறுக்கும். பல பேர் கூடி ஒருவனைப் பட்டினி போடுவது கட்டுப்பாடு. எளியவர்கள் கூடி வலியவனுக்குத் தங்கள் காசைக் கொடுக்க மறுப்பது சுயமரியாதை. இரண்டும் ஒரே மாதிரி தோன்றும். யார் கையிலிருந்து யார் மேல் விழுகின்றது என்று பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

பிறவிக்காகப் பகிஷ்கரிப்பது

இதில் மிகக் கேவலமானது பிறவியைப் பார்த்துக் கடையை விலக்குவதாகும். 1933 ஏப்ரல் 1-ந் தேதி ஜெர்மனியில் இட்லர் கூட்டத்தார் யூதர்கள் கடை வாசல்தோறும் ஆட்களை நிறுத்தி, யூதனிடம் சாமான் வாங்காதே என்று அட்டை பிடித்தார்கள். அன்று கடை வாசலில் நின்றவர்கள் பிற்பாடு எங்கே போய் நின்றார்கள் என்பதை உலகம் அறியும்.

அது எங்கோ நடந்தது என்று இருந்துவிட முடியாது. 2022-ல் கர்நாடகத்தில் பல கோவில் திருவிழாக்களில் முஸ்லிம் வியாபாரிகள் கடை போடக் கூடாதென்று தடுக்கப்பட்டார்கள். 2023 ஆகஸ்டில் ஹரியானாவில் கலகம் நடந்த பின், முஸ்லிம்களோடு வியாபாரம் செய்யக் கூடாதென்று சில கிராமப் பஞ்சாயத்துகளின் பேரால் கடிதங்கள் கிளம்பின. 2024 ஜூலையில் உத்தரப் பிரதேசத்திலும் உத்தராகண்டிலும், காவடி யாத்திரை போகும் பாதையிலுள்ள சாப்பாட்டுக் கடைகளில் உரிமையாளர் பேரை எழுதி மாட்ட வேண்டுமென்று உத்தரவு பிறந்தது. சுப்ரீம் கோர்ட்டார் ஜூலை 22-ந் தேதி அதை நிறுத்தி வைத்து, என்ன சாப்பாடு என்பதைச் சொல்லலாமே ஒழிய, யார் என்பதைச் சொல்லும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்று தெரிவித்தார்கள்.

சாப்பிடுகிறவனுக்கு வேண்டியது சோறு வெந்ததா என்பது. சமைத்தவன் பேர் எதற்கு? பேரில் மதம் தெரியும், மதம் தெரிந்தால் விலக்கலாம் என்பதைத் தவிர வேறு காரணம் யாராவது சொல்ல முடியுமா? ஓட்டலில் "பிராமணாள்" என்று எழுதியிருந்ததும் இதே போர்டுதான். அன்று உள்ளேயிருந்தவன் தன் உயர்வைக் காட்ட எழுதிக் கொண்டான். இன்று வெளியேயிருப்பவன் பிறனை ஒதுக்க எழுதச் சொல்லுகிறான். எழுத்து வேறு, புத்தி ஒன்றே.

அபிப்பிராயத்துக்காகப் பகிஷ்கரிப்பது

இனி நமது தோழர்களின் விஷயத்திற்கு வருவோம். ஒருவன் வாயால் ஒரு அபிப்பிராயம் சொன்னான், அல்லது ஒரு படம் மாட்டினான் என்பதற்காக அவன் பிழைப்பைக் கெடுக்கலாமா? கூடாது என்பதே நம் முடிவு. காரணங்கள் மூன்று.

முதலாவது, இந்த நியாயம் ஒப்புக் கொள்ளப்படுமானால் முதலில் சாகிறவர்கள் நாமே. கடவுள் இல்லை என்பவன் இந்த நாட்டில் எந்த ஊரில் மெஜாரிட்டி? சுயமரியாதைத் திருமணம் செய்து கொண்டவனை ஊரார் விலக்கிய காலம் நமக்கு மறந்து போயிற்றா? அத்திருமணத்துக்குச் சட்ட பலம் வந்ததே 1967-ல் நிறைவேறிய சட்டத்தினால்தான். அதுவரையில் நம் தோழர்கள் ஊராரின் ஏச்சையும் விலக்கையும் தாங்கிக் கொண்டுதான் இருந்தார்கள். "உன் கருத்து எனக்குப் பிடிக்கவில்லை, ஆகையால் உனக்கு வேலையில்லை" என்பது அமெரிக்காவில் 1947 முதல் சினிமாக்காரர்கள் மேல் பிரயோகிக்கப்பட்டது. பொது உடைமைக் கருத்துள்ளவர்கள் என்று சந்தேகிக்கப்பட்ட கதாசிரியர்களும் நடிகர்களும் பேர் ஜாப்தாவில் ஏற்றப்பட்டு, பல வருஷங்கள் பிழைப்பில்லாமல் திண்டாடினார்கள். அதைக் கண்டிக்கின்ற வாயால், நம் ஊர் மளிகைக்காரரை மாத்திரம் படத்துக்காகப் பட்டினி போடு என்று எப்படிச் சொல்லுவது?

இரண்டாவது, இது புத்தியை மாற்றாது. பயந்தவன் படத்தைக் கழற்றி உள்ளே வைத்துக் கொள்ளுவான், அவ்வளவுதான். பகுத்தறிவு என்பது பேசி, கேட்டு, யோசித்து ஏற்படவேண்டிய சங்கதி. பருப்பு வாங்காமல் ஒருவனை நாஸ்திகனாக்க முடியுமா? மேலும் இது பல சமயங்களில் எதிராகவே திரும்பும். 2012-ல் அமெரிக்காவில் சிக்-ஃபில்-ஏ என்னும் கோழிக்கறிச் சாப்பாட்டுக் கம்பெனியின் தலைவர், ஆணை ஆணும் பெண்ணைப் பெண்ணும் மணப்பதற்கு விரோதமாய்ப் பேசினார். அவர் கடைகளைப் பகிஷ்கரிக்க வேண்டுமென்று ஒரு சாரார் கிளம்பினார்கள். உடனே அவர் கருத்துள்ளவர்கள், ஆகஸ்ட் 1-ந் தேதியை அவருக்கு நன்றி காட்டும் நாளாக வைத்துக் கொண்டு, ஊர் ஊராய்க் கடை வாசலில் வரிசை நின்றார்கள். கம்பெனிக்கு அன்று வியாபாரம் குவிந்தது. அக்கம்பெனியின் தர்ம நிதியிலிருந்து அம்மணத்தை எதிர்க்கும் சங்கங்களுக்குப் பணம் போனது என்பது வேறு விஷயம், அது பேச்சல்ல, காரியம். அதைப் பின்னால் சொல்லுகின்றோம். ஆனால் பேச்சையும் பணத்தையும் ஒன்றாய்க் குழப்பினதால், சண்டை கோழிக்கறி தின்பதா வேண்டாமா என்பதாய் முடிந்தது.

மூன்றாவது, இந்த அடி விழுகிற இடத்தைப் பாருங்கள். நூறு வீடுள்ள கிராமத்தில் ஒரு தையற்காரன் நமக்கு விரோதமான கட்சிக்காரன். நூறு வீடும் துணி கொடுக்காவிட்டால் அவன் அடுத்த மாதம் மெஷினை விற்றுவிட்டு ஊரை விட்டுப் போவான். அதே கட்சிக்குக் கோடிக்கணக்காய்ப் பணம் கொடுக்கும் ஆலை முதலாளியின் நூலை அந்த நூறு வீடும் வாங்காவிட்டால், அப்படி ஒரு கிராமம் இருப்பதுகூட அவனுக்குத் தெரியாது. ஆகவே அபிப்பிராயத்துக்காகச் செய்யும் பகிஷ்காரம் எப்போதும் சின்னவன் தலையில்தான் விழும். ஊர்க்கட்டுப்பாடும் இதைத்தானே செய்து வந்தது?

காரியத்துக்காகப் பகிஷ்கரிப்பது

அப்படியானால் பகிஷ்காரமே கூடாதா என்றால், அப்படி நாம் சொல்லவில்லை. கடை வாசலில் மனிதனை மனிதனாய் நடத்தாத கடையில் காலெடுத்து வைக்கிறவனுக்குச் சுயமரியாதை இல்லை என்பதே நம் அபிப்பிராயம்.

நம் இயக்கத்தின் பிறப்பிலேயே இந்தப் பாடம் இருக்கின்றது. சேரன்மாதேவி குருகுலத்திற்குத் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி 10,000 ரூபாய் கொடுப்பதாய் ஒப்பி, 5,000 கொடுத்திருந்தது. அதை நடத்திய வ.வே.சு. ஐயர் தேசத்துக்காகக் கஷ்டப்பட்டவர். அவர் தேசபக்தியைப் பற்றி யாருக்கும் தகராறில்லை. ஆனால் அங்கே பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிச் சாப்பாடு, மற்றப் பிள்ளைகளுக்குத் தனிச் சாப்பாடு என்று தெரிந்தவுடன், காரியதரிசியாயிருந்த ஈ.வெ.ராமசாமி மீதிப் பணத்தைக் கொடுக்க மறுத்தார். ஐயருடைய அபிப்பிராயத்துக்காக மறுத்தாரா? இல்லை. இரண்டு பந்திக்காக மறுத்தார். எல்லோருடைய பணத்தையும் வாங்கிக் கொண்டு, எல்லோரையும் ஒன்றாய் உட்கார வைக்க மாட்டேன் என்றால், அந்தப் பணம் எதற்கு? இது 1924-25-ல் நடந்தது.

ரயில்வே ஸ்டேஷன் சாப்பாட்டு இடங்களில் "பிராமணாள்" வேறு, "இதராள்" வேறு என்று இருந்தது பல வருஷக் கிளர்ச்சிக்குப் பின் 1941-ல்தான் ஒழிந்தது. 1957-ல் திருவல்லிக்கேணியில் ஒரு ஓட்டலின் "பிராமணாள்" போர்டை எடுக்கச் சொல்லி மாதக் கணக்காய் மறியல் நடந்து, நூற்றுக்கணக்கானவர்கள் ஜெயிலுக்குப் போனார்கள். அந்த ஓட்டல்காரர் வீட்டில் என்ன பூஜை செய்தார் என்று யாராவது கேட்டார்களா? போர்டை எடு என்றார்கள், அவ்வளவே.

அமெரிக்கக் கறுப்பர்களைப் பாருங்கள். மாண்ட்கோமரி என்னும் ஊரில் பஸ்ஸில் வெள்ளையனுக்கு எழுந்து இடம் கொடுக்க வேண்டுமென்ற முறையை எதிர்த்து, 1955 டிசம்பர் 5-ந் தேதி முதல் 381 நாள் பஸ் ஏறாமல் நடந்தார்கள். வேலைக்காரிகளும் கூலிக்காரர்களும் மைல் கணக்காய் நடந்தார்கள். பஸ்ஸில் ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் அவர்களாகவே இருந்ததால், பஸ் கம்பெனிக்கு நஷ்டம் உறைத்தது. கடைசியில் சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பும் வந்து, அம்முறை ஒழிந்தது.

அதைவிட நம் மனதைத் தொடுவது, மிசிசிப்பி மாகாணத்துப் போர்ட் கிப்சன் என்னும் சிற்றூர்ச் செய்தியாகும். 1966-ல் அவ்வூர்க் கறுப்பர்கள் முதலில் தங்கள் குறைகளை எழுதிக் கொடுத்தார்கள். கடைகளில் எங்களுக்கும் வேலை கொடு என்பதோடு, எங்களில் பெரியவர்களை "பையா", "பெண்ணே" என்று கூப்பிடாதே, மரியாதைப் பட்டம் சேர்த்துக் கூப்பிடு என்பதும் அதில் ஒன்று. தலை நரைத்தவனை "அடே" என்று கூப்பிடும் நம் கிராமங்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பதில் திருப்தியாயில்லாமற் போகவே, வெள்ளைக்காரர் கடைகளில் வாங்குவதை நிறுத்தினார்கள். வியாபாரிகள் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார்கள். மாகாணக் கோர்ட்டில் 12 லட்சம் டாலருக்கு மேல் தீர்ப்பும் வாங்கினார்கள். 1982-ல் சுப்ரீம் கோர்ட்டார் அதைத் தள்ளி, பலாத்காரமில்லாத பகிஷ்காரம் ஜனங்களின் பேச்சுரிமையைச் சேர்ந்தது, பலாத்காரத்துக்கு மாத்திரம் அந்தப் பாதுகாப்பு இல்லை என்று சொன்னார்கள்.

பணத்துக்காகப் பகிஷ்கரிப்பது

நிற்க, "வியாபாரத்தில் அரசியல் ஏது?" என்று கேட்கும் கனவான்களுக்கு ஒரு வார்த்தை. ஏது என்பதைத் தேர்தல் பத்திரம் காட்டிவிட்டது. 2017 பட்ஜெட்டில் சொல்லி 2018-ல் கொண்டு வந்த ஏற்பாட்டின்படி, எந்தக் கம்பெனியும் ஸ்டேட் பாங்கியில் பத்திரம் வாங்கிக் கட்சிகளுக்குக் கொடுக்கலாம் என்றிருந்தது. யார் யாருக்குக் கொடுத்தார் என்பது ஜனங்களுக்குத் தெரியக் கூடாது என்றுமிருந்தது. மூன்று வருஷச் சராசரி லாபத்தில் நூற்றுக்கு ஏழரைக்கு மேல் கொடுக்கக் கூடாது என்றிருந்த வரம்பும் எடுக்கப்பட்டது. இப்படியாகச் சுமார் 16,500 கோடி ரூபாய்க்குப் பத்திரம் விற்றது. 2024 பிப்ரவரி 15-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டார் இது செல்லாது என்று தீர்ப்பளித்து, மார்ச்சு மாதத்தில் ஜாப்தா வெளிவந்தது. அதில் நமக்கு வேண்டாத கட்சியும் வாங்கியிருந்தது, நமக்கு வேண்டிய கட்சியும் வாங்கியிருந்தது. ஒரே கம்பெனி ஒன்றுக்கொன்று விரோதமான பல கட்சிகளுக்குக் கொடுத்திருந்ததையும் பார்த்தோம்.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் விளங்குகின்றன. ஒன்று, பெரிய முதலாளிக்கு அபிப்பிராயம் என்பதே கிடையாது, லாபந்தான் உண்டு. அபிப்பிராயமே இல்லாதவனை அபிப்பிராயத்துக்காகப் பகிஷ்கரிப்பதென்பது தலையில்லாதவனுக்கு மொட்டையடிப்பதாகும். மற்றொன்று, நாம் சோப்புக்கும் சிமெண்டுக்கும் மருந்துக்கும் கொடுத்த காசுதான் இரகசியமாய் அரசியலுக்குப் போயிற்று. நம் காசை வைத்து அவன் அரசியல் செய்யலாம், அந்தக் காசை எங்கே கொடுப்பது என்று நாம் யோசித்தால் மாத்திரம் வியாபாரத்தில் அரசியல் கலப்பதாகுமா? பணம் கொடுப்பது பேச்சல்ல, காரியம். நம்மை ஒழிக்கும் வேலைக்கு ஒரு கம்பெனி பணம் கொடுக்கின்றது என்பது ஆதாரத்தோடு தெரிந்தால், அக்கம்பெனிக்குப் பணம் கொடுக்காமலிருப்பது நமது உரிமை மாத்திரமல்ல, கடமையுமாகும். ஆனால் ஆதாரம் வேண்டும். வதந்தியை வைத்துக் கடையை அடைக்கிறவன், ஜோசியத்தை வைத்துக் கலியாணத்தை நிறுத்துகிறவனைவிட மேலானவனல்ல.

ஆட்சேபணை

கடை மூடினால் அங்கே வேலை செய்யும் ஏழைத் தொழிலாளி அல்லவா பட்டினி கிடப்பான் என்று சிலர் கேட்பார்கள். இது நியாயமான கேள்வி. இதற்குப் பயந்துதான் அபிப்பிராயத்துக்காகப் பகிஷ்கரிக்கக் கூடாது என்கின்றோம். ஆனால் இரண்டு கிளாஸ் வைத்திருக்கிற கடையில் கிளாஸ் கழுவுகிறவனைக் காப்பாற்றுவதற்காக, வேப்ப மரத்தடியில் நிற்கிறவனை நிற்கவே விடு என்பது என்ன நியாயம்? அத்தொழிலாளியைக் காப்பாற்ற முதலாளிக்கு ஒரே நிமிஷம் போதும். கப்பைத் தூக்கி எறிந்துவிட்டு எல்லோரையும் பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டால் பகிஷ்காரம் தீர்ந்து போய்விடும்.

சட்டம் இருக்கின்றதே, கோர்ட்டுக்குப் போகலாமே என்று சிலர் சொல்லக்கூடும். இருக்கின்றது. வன்கொடுமைத் தடைச் சட்டத்தில் 2015-ல் செய்த திருத்தத்தின்படி, தாழ்த்தப்பட்டவர்களைச் சமூகத்திலோ வியாபாரத்திலோ பகிஷ்கரிப்பதே குற்றம். மகாராஷ்டிரத்தில் சமூகப் பகிஷ்காரத்தைத் தடுக்க 2016-ல் தனிச் சட்டமே செய்தார்கள். சட்டத்தைக் கூப்பிட வேண்டிய இடத்தில் கூப்பிடத்தான் வேண்டும். ஆனால் கேஸ் தீர்ப்பாகும் வரையில் அங்கேயே டீ சாப்பிட்டுக் கொண்டிரு என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

நம் யோசனை

ஆகவே தோழர்களுக்கு நாம் சொல்லுவது இதுதான். பிறவிக்காக ஒருக்காலும் பகிஷ்கரிக்காதீர்கள். அப்படிச் செய்கிறவர்களை எதிர்த்து நில்லுங்கள். விலக்கப்பட்ட கடையில் போய்ச் சாமான் வாங்குவதுகூட ஒரு போராட்டந்தான். அபிப்பிராயத்துக்காகப் பகிஷ்கரிக்காதீர்கள், அவனோடு பேசுங்கள், பத்திரிகையைக் கொடுங்கள், வாதாடுங்கள். காரியத்துக்காகப் பகிஷ்கரியுங்கள். அப்படிச் செய்யும்போது, என்ன குறை, எதை மாற்ற வேண்டும் என்று முதலில் நேரில் போய்ச் சொல்லுங்கள். மாற்றத் தவணை கொடுங்கள். மாற்றிய அன்றே பகிஷ்காரத்தை நிறுத்தி, முதல் ஆளாய்ப் போய் உட்காருங்கள். உள்ளே போகிற மற்றவன் சட்டையைப் பிடித்து இழுக்காதீர்கள்; அவனுக்குக் காரணம் சொல்லலாமே ஒழியக் கட்டாயப்படுத்தக் கூடாது. நஷ்டத்தில் நீங்களும் பங்கு எடுத்துக் கொள்ளுங்கள். கள்ளை ஒழிக்கவேண்டுமென்று சொன்ன காலத்தில் பெரியார் பிறர் மரத்தை வெட்டச் சொல்லிவிட்டு நிற்கவில்லை, தம் தோப்புத் தென்னைகளையே வெட்டிச் சாய்த்தார். கிட்ட இருக்கும் கடையை விட்டு ஒரு மைல் நடக்கத் தயாராயில்லாதவனுக்குப் பகிஷ்காரத் தீர்மானத்தில் கை தூக்க யோக்கியதை இல்லை.

எல்லாவற்றிற்கும் மேலாக, நம்மவன் கடையிலிருந்து ஆரம்பியுங்கள். எதிரியின் கடையிலுள்ள குற்றத்தைப் பார்க்க ஆயிரம் கண் இருக்கின்றது. நம்மவன் கடையின் பின்புறம் போய்ப் பார்க்கத்தான் ஆளில்லை. பெரியார் படத்தின் கீழே காகிதக் கப் இருக்குமானால், அது திருநீறு பூசினவன் கடையிலுள்ள காகிதக் கப்பைவிட நூறு மடங்கு அசிங்கமானது. ஏனெனில், அவன் தன் மதம் சொன்னதைச் செய்கிறான். இவனோ நம் பேரைச் சொல்லிக் கொண்டு அதையே செய்கிறான்.

அந்த ஊர்த் தோழர்கள் இதைப் படிப்பார்கள் என்று நமக்குத் தெரியும். அடுத்த தடவை அவ்வூருக்குப் போகும்போது அந்த டீக்கடையில்தான் இறங்குவோம். வேப்ப மரத்தடியில் நின்ற அந்த நாலு பேரும் பெஞ்சில் உட்கார்ந்து கண்ணாடி கிளாசில் டீ சாப்பிட்டால், நாமும் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவோம். இல்லாவிட்டால் நேரே மளிகைக்காரர் கடைக்குப் போய், அவர் மாட்டியிருக்கும் படத்தைப் பற்றி அவரோடு ஒரு மணி நேரம் சண்டை போட்டுவிட்டு, அரைப்படி கடலையும் வாங்கிக் கொண்டு வருவோம்.